குடை பிடித்த கொக்கு

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது தெரியாமல் படகில் ஏறிய ஒரு மனிதரால் தேசப்பன் புகழ்பெற்றான். சாதாரணப் புகழ் இல்லை. கும்மிடிப்பூண்டியில் எந்தத் தொழிற்சாலை திறந்தாலும், ரிப்பன், கத்தரிக்கோல், தேசப்பன் மூன்றும் வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் பந்தல் போடுவார்கள். கத்தரிக்கோலுக்காவது வேலை முடிந்ததும் உறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் சுதந்திரம் இருந்தது.

அறுபத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம். மண்ணிசைப் பாதுகாப்பு வாரியத்தின் தனி அலுவலர் பூவராகவன் சென்னையிலிருந்து ஜீப்பில் வந்து ஏரிக்கரையில் இறங்கினார். வாரியம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அது பாதுகாத்து வைத்திருந்தவை மூன்று மேஜை, ஒரு டேப் ரிக்கார்டர், அந்த ஜீப். பாட்டு ஒன்றும் அகப்படவில்லை. சட்டசபையில் யாராவது கேள்வி கேட்பதற்குள் ஒரு பாட்டையாவது பிடித்தாக வேண்டும் என்று கிளம்பி வந்திருந்தார்.

தேசப்பனின் படகில்தான் அவரை ஏற்றினார்கள். வெயிலுக்குக் குடை விரித்துப் பிடித்திருந்தார். படகு லேசாக ஆடியதும் மற்றொரு கையால் கோல் ஊன்றுகிறவனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். பக்கத்திலேயே இரண்டு பேர் தண்ணீரில் நின்றுகொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலை இழுக்கும்போது அன்றைக்கு எது கண்ணில் படுகிறதோ அதை வைத்துத்தான் பாட்டு. நேற்றுப் பாடியதை இன்றைக்குப் பாடினால் நேற்று மீனை இன்றைக்குக் கூறு கட்ட வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பாட்டில் மாட்டிக்கொண்டவன் "எவன்டா கட்டுனது?" என்று எகிறினால், கரை முழுக்க ஒரே பதில் சொல்லும்: "தெர்யாதுபா. ரொம்பப் பழசு." கட்டியவனைக் காட்டிக்கொடுப்பது என்ற பேச்சே கிடையாது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பாதிப் பேரின் மண்டையில் தையல் இருந்திருக்கும்.

தேசப்பனின் வாய் சும்மா இருக்குமா? எடுத்து விட்டான்:

குடை புடிச்ச கொக்கு ஒண்ணு
படகு ஏறுச்சாம் – அது
காலு நனையு முன்னே ரெண்டு
கண்ணைப் பொத்துச்சாம்.

மீனைக் கண்டா கொக்கு துள்ளும்
ஊரு பாத்தது – இந்தக்
கொக்கைக் கண்டு மீனு துள்ளிச்
சிரிச்சு ஓடுச்சாம்.

படகே குலுங்கிச் சிரித்தது. பூவராகவன் கண்ணைத் திறந்தார். மண்டை உடைய வேண்டிய நேரம். ஆனால் அவர், "அடடா! யார் இயற்றியது இது?" என்று கேட்டார்.

"தெர்யாது சார். ரொம்பப் பழசு," என்றார்கள் எல்லோரும்.

"எவ்வளவு பழசு?"

"எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேர்ந்து கீது சார்," என்றான் தேசப்பன், தன் பங்குக்கு.

பூவராகவனின் கண்ணில் நீர் தளும்பியது. கரைக்கு வந்ததும் டேப் ரிக்கார்டரை முடுக்கினார். வாரிய விதி ஒன்று இருந்தது: ஒரு பாட்டை மூன்று தடவை, சொல் பிசகாமல், ஒரே மாதிரி பாடிக்காட்ட வேண்டும். அப்படிப் பாடினால்தான் அது மரபு. பிசகினால் அது வெறும் சத்தம்.

இன்னொரு நாளாக இருந்தால் தேசப்பனுக்கு இரண்டாம் தடவையே நாக்கு வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் தன்னைக் கிண்டல் செய்யும் பாட்டை "இன்னொரு முறை, தயவுசெய்து" என்று கைகூப்பிக் கேட்கும் மனிதனை அந்தக் கரை அதுவரை கண்டதில்லை. அந்தச் சுகத்துக்காகவே மூன்று தடவையும் அட்சரம் மாறாமல் பாடினான். பின்னால் நின்றவர்கள் வாயில் துண்டை அடைத்துக்கொண்டார்கள். பூவராகவன் எட்டுப் பிரதியில் ஒரு தாளை நீட்டினார். 'இயற்றியவர்: அறியப்படவில்லை' என்று இருந்தது. தேசப்பன் எட்டிலும் கையெழுத்துப் போட்டான்.

மனைவி கனகாம்பாள் பொன்னேரிச் சந்தையில் இறால் விற்றுவிட்டு வந்ததும் சொன்னான். சிரிப்பாள் என்று நினைத்தான். ஒரு கூறுக்கு ஒரு விலையை இரண்டு தடவை சொன்னதாகச் சரித்திரமே இல்லாத பெண்பிள்ளை அவள். சிரிக்கவில்லை.

"மூணு வாட்டியும் ஒரே மாதிரி பாடுனியா?"

"ஆமா."

"போச்சு. மொதல் வெலையிலேயே நின்னுட்டா வாங்குறவன் கூடையோடல்ல தூக்கினு போவான்?"

போனார்கள். அடுத்த மாதமே ஜீப் வந்து தேசப்பனைத் தூக்கிக்கொண்டு போனது.

முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. பொன்னாடை, மாலை, பத்திரிகையில் படம், சுடச்சுட நாஷ்டா. 'பதிவுபெற்ற மண்ணிசைக் கலைஞர்' என்று கண்ணாடி போட்ட சான்றிதழ். பத்து வருஷ ஒப்பந்தம். வானொலியில் அவன் குரல் வந்தது. பொன்னேரிப் பக்கத்து ஆரணி டீக்கடையில் அவனுக்கு மலாய் போட்ட டீ கொடுத்துவிட்டுக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அவனுக்கும் கொஞ்சம் நடை மாறியது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

உடையில்தான் முதல் உரசல். தேசப்பன் எப்போதும்போல லுங்கியும் கோடுபோட்ட சட்டையும் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனான். வாரியத்தின் உடைக்குழு திடுக்கிட்டது.

"இதுதான் சார் நாங்க போடுறது."

"நீங்கள் போடுவது வேறு, மீனவர் போடுவது வேறு," என்றார் பூவராகவன் பொறுமையாக.

கடைசியில் முழுக்க வெள்ளைச் சட்டை, முழங்காலுக்கு மேல் வெள்ளை வேட்டி, கையில் வெள்ளைக் குடை என்று தீர்மானமானது. தேசப்பனுக்கு இயல்பிலேயே நீளமான ஒல்லிக் கால். கண்ணாடியில் பார்த்தவனுக்கு எங்கேயோ பார்த்த உருவமாகத் தோன்றியது. அதற்குள் மேடையில் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வளர வளரத் திறப்பு விழாக்களும் வளர்ந்தன. ஆணித் தொழிற்சாலை, பிஸ்கட் தொழிற்சாலை, பிஸ்கட் அடைக்கும் டப்பாத் தொழிற்சாலை. எல்லா இடத்திலும் முதலில் பூவராகவன் உரை. கொக்கு என்பது ஒரு பழைய மன்னனின் குறியீடு, குடை வெண்கொற்றக்குடை, கண்ணைப் பொத்தியது யோக நிலை, மீன்கள் சிரித்தது குடிமக்களின் மகிழ்ச்சி என்று நாற்பது நிமிஷம் பொழிவார். பாட்டின் வயது விழாவுக்கு விழா ஏறும். ஆணித் தொழிற்சாலையில் முந்நூறு வருஷமாக இருந்தது, பிஸ்கட்டில் அறுநூறு, டப்பாவில் எண்ணூறைத் தொட்டது.

முடிக்கும்போது குரல் தழுதழுக்கும். "நண்பர்களே! நமது வாரியம் மட்டும் இல்லாதிருந்தால், இந்தப் பாட்டை யார் யாரோ, எங்கெங்கோ, இஷ்டப்படி பாடிக்கொண்டிருந்திருப்பார்கள். இன்று அந்த அபாயம் முற்றிலும் நீங்கிவிட்டது!"

கைதட்டல். அப்புறம் தேசப்பன். எட்டு வரி. அப்புறம் லட்டு.

எழுபத்திரண்டில் ஒரு சோப்புத் தொழிற்சாலை விழா. முதலாளியின் தொப்பி காற்றில் பறந்து சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்தது. கண்ணெதிரே இப்படி ஒன்று நடந்தால் தேசப்பன் என்ன செய்வான்? ஒன்பதாவது வரியாகத் தொப்பியையும் சேர்த்துக் கொக்கின் தலையில் வைத்துவிட்டான். தொழிலாளிகள் நாற்காலி விட்டு எழுந்து கூச்சலிட்டார்கள். மூன்று வருஷத்தில் அவன் கேட்ட முதல் நிஜமான சிரிப்பு அது.

மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. 'எண்ணூறு ஆண்டுப் பழமையான மரபை அரசு மேடையில் சிதைத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?' கூடவே ராஜமாணிக்கம் என்ற எழுத்தர் வந்து இறங்கினார். பதவி: பாடபேத மேற்பார்வையாளர். தகரப்பெட்டியில் எட்டு வரியும் தட்டச்சு செய்த தாள், சிவப்புப் பென்சில், பதிவேடு. தேசப்பன் எங்கே வாயைத் திறந்தாலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஜீப்பில் ஏறினால் ஏறுவார், படகில் ஏறினால் கரையில் நிற்பார். நல்ல மனுஷன், குடும்பஸ்தர், யாரோடும் சண்டை இல்லை. அதுதான் பெரிய பேஜாராக இருந்தது. திட்டவும் முடியவில்லை.

விதி எண் பதினேழு என்று ஒன்றை அவர்தான் படித்துக் காட்டினார். பதிவுபெற்ற கலைஞர் பதிவுபெறாத பாட்டை, பிறர் காதில் விழும்படி எங்கும் பாடக்கூடாது.

"ஊட்லகூடவா சார்?"

"வீட்டில் பிறர் உண்டா?"

"பொண்டாட்டி கீறா."

ராஜமாணிக்கம் விதியை மறுபடி படித்துப் பார்த்தார். "மனைவி பிறர் இல்லை என்று எங்கும் போடவில்லை," என்றார் வருத்தத்தோடு.

அந்தப் பங்குனியில் புது வலை இறக்கினார்கள். புது வலையை முதல்முதலாகத் தண்ணீரில் விடும்போது, வலைக்காரன் தன் பெண்சாதி பேரில் ஒரு புதுப் பாட்டுக் கட்ட வேண்டும். கிண்டலும் உண்டு, கொஞ்சலும் உண்டு. கனகாம்பாள் தலைக்குக் குளித்து, கூடைக்குள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். தேசப்பனுக்கு வரிகள் தொண்டைவரை வந்து முட்டின. கரையில் ராஜமாணிக்கம் தகரப்பெட்டியைத் திறந்தார், பென்சிலைச் சீவினார். வலை சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனது. ஊரே தலையைக் குனிந்துகொண்டது.

கனகாம்பாள் குங்குமத்தைக் கூடைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பாடுறவன் ஊட்டுக்காரின்னு சந்தையில மரியாதை குடுக்கிறாளுங்க. எனக்குன்னு ஒரு வரி கெடையாது. அந்தக் கொக்கோடவே குடும்பம் நடத்து, போ."

அது தைத்துவிட்டது. அதற்குமேல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டாத பாட்டெல்லாம் உள்ளே தங்கி, வயிறு உப்பினமாதிரி இருந்தது. வைத்தியர் வாயு என்று சூரணம் கொடுத்தார்.

நேரே வாரிய அலுவலகத்துக்குப் போனான். தடுப்பதற்கு ராஜமாணிக்கத்துக்கு விதி இல்லை. துணைக்குப் போனார்.

"சார், அந்தப் பாட்டைக் கட்டுனது நான்தான்."

பூவராகவன் சிரித்தார். "தேசப்பன், மண்ணிசையை யாரும் கட்டுவதில்லை. அது விளைகிறது. புல் மாதிரி."

"இல்ல சார். அன்னிக்கிப் படகுல, உங்க எதுருக்கவே கட்டுனேன்."

"அப்படியானால் எட்டுப் பிரதியில் அரசுக்குப் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறீர். அதற்கு இரண்டு வருஷம் ஜெயில். அல்லது, உமக்குப் பாட்டுக் கட்டத் தெரியாது. இரண்டில் எது?"

கடைசிச் சீட்டையும் இறக்கிவிட வேண்டியதுதான் என்று தேசப்பனுக்குத் தோன்றியது. பாட்டில் மாட்டியவனிடம் நேரில் சொல்வது கரை வழக்கத்துக்கே துரோகம். ஆனாலும் சொன்னான்.

"சார், கோச்சுக்காதீங்க. அந்தக் கொக்கு நீங்கதான். குடை புடிச்சிக்கினு, கண்ணை மூடிக்கினு, கோலுக்காரனைக் கட்டிப் புடிச்சீங்களே? முழங்கா தண்ணியில? அதைப் பாத்துத்தான் கட்டுனேன்."

ராஜமாணிக்கம் சுவரைப் பார்த்தார். பூவராகவன் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். சன்னலருகே போனார். முணுமுணுவென்று எட்டு வரியையும் சொல்லிப் பார்த்தார். குடை. படகு. கண். திரும்பியபோது முகம் ஜொலித்தது.

"ராஜமாணிக்கம்! எழுதிக்கொள்ளும்! எண்ணூறு வருஷத்துக்கு முன்பே இந்த மண் என் வருகையை முன்னறிந்து பாடியிருக்கிறது!"

"சார், இல்ல சார்..."

"நீர் அறியமாட்டீர், தேசப்பன். நீர் வெறும் வாய். ஒரு வாரியம் வரும், அதற்கு ஒரு தனி அலுவலர் வருவார், குடையோடு வருவார் என்று அந்தப் பெயர் தெரியாத முன்னோன் கண்டிருக்கிறான். ஐயோ, இத்தனை நாளும் அடக்கத்தால் எனக்குத் தோன்றவில்லையே!"

அந்த வாரமே வாரியம் கூடி இரண்டு தீர்மானம் போட்டது. ஒன்று, அந்தப் பாட்டு ஒரு தீர்க்கதரிசனம். இரண்டு, தேசப்பனுக்குப் பாட்டுக் கட்டத் தெரியாது. இரண்டாவதை அவனை ஜெயிலிலிருந்து காப்பாற்றுவதற்காகக் கருணையோடு போட்டதாகப் பூவராகவன் தனிக் கடிதம் எழுதினார். அதற்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள்.

எழுபத்து நாலில் ஒரு நாள், சாயங்காலம் நாலு மணிக்குப் பம்புத் தொழிற்சாலைத் திறப்பு. ஜீப் காலையிலேயே கரைக்கு வந்துவிட்டது. தேசப்பன் வெள்ளைச் சட்டை போட்டு, வெயிலுக்குக் குடையும் விரித்து, கரையில் நின்று வலை வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈரமான கயிற்றைப் பிடித்தால் சட்டை அழுக்காகும், சட்டை வாரியத்துடையது. வலை கனமாக வந்தது. கூடையோடு நின்ற பெண்களும் கயிற்றின் வாலைப் பிடித்தார்கள். முன்னால் கனகாம்பாள். ஒரு தடவை திரும்பிப் புருஷனை மேலிருந்து கீழே பார்த்தாள். பாட ஆரம்பித்தாள்:

வெள்ளைச் சட்டை போட்ட கொக்கு
ஜீப்பு ஏறுச்சாம் – அது
பாடச் சொன்னாப் பாடும், மத்த
நேரம் பொத்துச்சாம்.

கரை அதிர்ந்தது. எத்தனை வருஷத்துச் சிரிப்பு! தேசப்பனின் காது சிவந்தது.

"எவ கட்டுனது?" என்று கத்தினான்.

"தெர்யாதுபா," என்றார்கள் எல்லோரும். "ரொம்பப் பழசு."

சொல்லி வாய் மூடவில்லை, ராஜமாணிக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடி வந்தார். ஏழு வருஷத்தில் வாரியத்துக்கு இரண்டாவது பாட்டு! அவருக்கு மூச்சு வாங்கியது.

தேசப்பனுக்குத் தன்னைக் கிண்டல் செய்ததெல்லாம் மறந்துபோனது. இனிக் கனகாம்பாளுக்கும் ஒரு வெள்ளைச் சேலை, ஒரு குடை, ஒரு எழுத்தர் என்று ஆகிவிடும்.

"சார், அது நான் கட்டுனது! இன்னிக்கிக் காலையில! புத்தம் புதுசு!" என்று குறுக்கே விழுந்தான்.

"உமக்குக் கட்டத் தெரியாது என்று தீர்மானம் இருக்கிறதே," என்றார் ராஜமாணிக்கம் அன்போடு. "ஆகவே இது பழசுதான். அம்மா, மூன்று தடவை பாடுங்கள். சொல் மாறக்கூடாது."

கனகாம்பாள் கயிற்றை விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து அவரைப் பார்த்தாள். பொன்னேரிச் சந்தையில் பெரிய வீட்டுச் சமையல்காரர்களைப் பார்க்கும் பார்வை. "அதுக்கென்ன சார், எழுதிக்கோ," என்றாள்.

ஓசிச் சட்டை போட்ட கொக்கு
பஸ்ஸு ஏறுச்சாம்...

"அம்மா, முதலில் வெள்ளைச் சட்டை, ஜீப் அல்லவா?"

"அப்டியா சொன்னேன்? சரி, உனக்காவ வேணா ஜீப்பே வச்சிக்கோ."

ஓட்டைக் குடை புடிச்ச கொக்கு
ஜீப்பைத் தள்ளுச்சாம் – அதுங்
கூடப் பெட்டி தூக்கும் நாரை
கூவிக் கும்புட்டுச்சாம்.

ராஜமாணிக்கம் சிரத்தையாக எழுதினார், அடித்தார், எழுதினார். "நாரை எங்கிருந்து வந்தது, அம்மா?"

"வடக்கேருந்து வரும் சார், மார்கழிக்கு."

ஏழு தடவை பாடினாள். ஏழும் ஏழு விதம். ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொடுப்பதுபோல ஒரு சொல்லை விட்டாள், இரண்டைப் பிடுங்கிக்கொண்டாள். சிவப்புப் பென்சில் விரற்கடை அளவுக்குத் தேய்ந்துவிட்டது. எட்டாவது தடவை அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, விட்ட இடத்திலிருந்து கூட்டத்துக்குள் ஒரு ஆண் குரல் எடுத்தது:

பொத்தி வச்ச பாட்டு எல்லாம்
வவுத்துக் குள்ளாற – அது
முட்டை வுட்டுக் குஞ்சு பொரிச்சு
மூக்கை நீட்டுச்சாம்.

ராஜமாணிக்கம் நிமிர்ந்தார். "யார் பாடியது?"

குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றான் தேசப்பன். வெள்ளைச் சட்டையில் கயிற்றின் சேறு ஒரு முழத்துக்கு அப்பியிருந்தது.

"தெர்யாது சார்," என்றது கரை.

கனகாம்பாள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

ராஜமாணிக்கம் பதிவேட்டைப் பார்த்தார். எட்டு விதம். ஒன்றோடொன்று ஒத்துப்போக மறுத்தன. விதிப்படி எழுதிக் கையெழுத்திட்டார்: 'இக்கரையில் பாட்டு எதுவும் இல்லை. சத்தம் மட்டுமே உள்ளது.'

ஜீப் ஹாரன் அடித்தது. பம்புத் தொழிற்சாலை காத்திருந்தது. ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து வருஷம் பாக்கி. தேசப்பன் குடையை மடக்கி ஏறி உட்கார்ந்தான். கரையில் அடுத்த அடியை எடுத்துவிட்டார்கள். அதற்குச் சரியான பதில் அடி அவன் நாக்கின் நுனியில் நின்றது. நாளைக்கு வலை இழுக்கும்வரை தாங்கும் என்று விழுங்கிக்கொண்டான்.

பொன்னேரி தாண்டும்வரை ராஜமாணிக்கம் பெட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தேசப்பன், அந்த மூன்றாவதில் ஒரு நாரை வந்ததே. பெட்டி தூக்கும் நாரை. அது யாரைச் சொல்வது?"

தேசப்பன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தெர்யாது சார். ரொம்பப் பழசு."